ஆடும் பல்லைப் பிடித்திருப்பது எது?

ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து, இழையும் ரெசின் என்ற பிசினும் வைத்துக் கட்டும் ஃபைபர் ஸ்பிளிண்ட் பெங்களூரில் பல பல் கிளினிக்குகளில் செய்யப்படும் சிகிச்சை. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் வைத்தியத்துக்கு இந்த ஊருக்கு வருவதும் புதிதல்ல. அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: “குண்டு துளைக்காத சட்டையில் போடும் இழை. உடையவே உடையாது.”

உண்மை: ஸ்பிளிண்டில் பயன்படும் ஒரு வகை இழை அந்தப் பாலிஎத்திலீன் இனம்தான், பலத்தில் குறையே இல்லை. ஆனால் பாலித்தீன் பையில் பசை தடவிப் பாருங்கள், உரிந்து வந்துவிடும். ரெசினும் அப்படித்தான் வழுக்கும். அதனால் தயாரிக்கும் இடத்திலேயே இழையைக் குளிர் பிளாஸ்மா என்ற மின்னேற்றிய வாயுவில் காட்டி, ரெசின் பற்றும்படி அதன் மேற்பரப்பை மாற்றுகிறார்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்டால் அந்த வேலை கெடும். டாக்டர் இடுக்கியால் மட்டுமே அதைத் தொடுவது இதற்காகத்தான். பிறகு துகள் கலக்காத நீர்த்த ரெசினில் அதை முழுக்க நனைக்க வேண்டும். நனையாத இடத்தில் வெற்றிடம் தங்கும், எச்சில் ஈரம் புகும், மெல்ல மெல்ல இழை ரெசினை விட்டுப் பிரியும். நூல் அறுவதற்கு வெகு முன்பே ஒட்டு விட்டுப்போகும்.

கண்ணாடி இழையின் கதை வேறு. கண்ணாடிக்கும் ரெசினுக்கும் பாலம் போடுவது சிலேன் என்ற ரசாயனம்; பாலிஎத்திலீனிடம் அது பலிக்காது. ஆகவே “எந்த ஃபைபரானாலும் ஒன்றுதான்” என்பதும் தவறு.

இன்னொரு ஒட்டு பல்லின் எனாமலில். அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் ரெசின் நன்றாகப் பிடிக்கும் என்று 1955இல் புவனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் காட்டினார். இன்று பொதுவாக 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் தடவுகிறார்கள். கோலார், சிக்கபள்ளாப்பூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. அதைக் குடித்து வளர்ந்தவர்களில் பலருக்குப் பல்லில் பழுப்புத் திட்டு இருக்கும். அந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. கூடுதல் நேரம் அமிலம் வைக்கவோ, மேற்பரப்பை லேசாகத் தேய்க்கவோ வேண்டிவரலாம். சிறுவயதில் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். நோயாளிதான் தர முடிகிற தகவல் அது.

நம்பிக்கை: “கட்டிவிட்டால் ஈறு நோயும் சரியாகிவிடும்.”

உண்மை: ஆகாது. ஸ்பிளிண்ட் கடிக்கும் விசையைப் பல பற்களுக்குப் பங்கிடும், அவ்வளவே. ஈறு நோயால் கரைந்த எலும்பு அதனால் திரும்பாது. முதலில் ஈறு சிகிச்சை. கட்டிய பின் தினமும் பல்லிடுக்கு பிரஷ்.

நம்பிக்கை: “அடிபட்ட பல்லை இறுக்கமாக, நெடுநாள் கட்டுவதே நல்லது.”

உண்மை: இதுதான் அதிகம் கெடுதல் செய்யும் எண்ணம். சற்றே அசையவிடும் கட்டுதான் பல்லைச் சுற்றியுள்ள நாரைக் குணமாக்கும். அசையாமல் நெடுநாள் வைத்தால் வேர் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் அபாயம் கூடுகிறது. பல் காயங்களுக்கான 2020ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல், கழன்று விழுந்து மறுபடி பதித்த பல்லுக்கு 2 வாரமும், தாடை எலும்பும் சேர்ந்து முறிந்திருந்தால் 4 வாரமும் சொல்கிறது. இழைமேல் ரெசினைக் கனமாக அப்பினால் அதுவே விறைத்த கட்டாகிவிடும். பிள்ளைக்கு அடிபட்டுக் கட்டுப் போட்டால், அன்றே அதைப் பிரிக்க வேண்டிய தேதியையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.