பாலர் செவிக்கு வீட்டுப் பாடம்

பாலர் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை, "அத்தா, பருப்பு, செருப்பு, மெருப்பு!" என்று சொல்லிக் கைகொட்டிச் சிரிக்கிறது. கடையை அடைத்துவிட்டுக் களைத்து வந்திருக்கும் நாம் என்ன சொல்லுகிறோம்? "மெருப்பு என்று ஒரு சொல் கிடையாது. போய் அ, ஆ எழுதிக் கொண்டு வா" என்கிறோம். பிள்ளை வாய்மூடிக் கொள்கிறது. இதில் நஷ்டம் யாருக்கு என்று கணக்குப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெருப்பு என்பது பொருளற்ற சொல்தான். ஆயினும் அதை உண்டாக்கப் பிள்ளை செய்த வேலையைக் கவனியுங்கள். செருப்பு என்ற சொல்லின் முதல் ஒலியை நீக்கி, எஞ்சியதை அப்படியே வைத்துக்கொண்டு, வேறோர் ஒலியை முன்னே சேர்த்திருக்கிறது. சொற்கள் பிரிக்கவும் சேர்க்கவும் கூடிய ஒலிகளால் ஆனவை என்பதை அதன் செவி கண்டுகொண்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு இதுவே அஸ்திவாரம்.

இது வெறும் அபிப்பிராயமன்று. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராட்லி, பிரையன்ட் என்ற இருவர், இன்னும் படிக்கத் தொடங்காத நான்கைந்து வயதுப் பிள்ளைகள் சுமார் 400 பேரைச் சோதித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1983-ல் தம் முடிவை வெளியிட்டனர். ஒலி ஒத்த சொற்களை இனங்காண வல்ல பிள்ளைகள், பின்னர் படிப்பதிலும் பிழையின்றி எழுதுவதிலும் முன்னேறியிருந்தனர். பின்தங்கிய பிள்ளைகளில் சிலருக்கு ஒலிப் பயிற்சியோடு எழுத்தையும் சேர்த்துக் கற்பித்தபோது நல்ல பலன் கிடைத்தது.

பாலர் பள்ளியில் 'ரைம்' என்கிறார்களே, அது நமக்குப் புதிதன்று. செய்யுளில் முதலெழுத்து ஒன்றிவருவது மோனை; இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை; இறுதி ஒன்றிவருவது இயைபு. கடை, வடை, நடை போன்ற சிறு சொற்களில் எதுகையும் இயைபும் சேர்ந்தே அமைந்துவிடுகின்றன. ஆகவே பிள்ளைக்கு இலக்கணப் பெயர் எதுவும் வேண்டாம். "ஒரே மாதிரி முடிகிற சொல்" என்றால் போதும். இனிப் பயிற்சிக்கு வருவோம்.

முதலாவது, கேட்டல். இரண்டு சொற்களை நாம் சொல்ல வேண்டும். ஒலி ஒத்தால் பிள்ளை கைதட்டட்டும். ஒவ்வாவிடில் சும்மா இருக்கட்டும். பால், வால் என்றால் தட்டு. பால், மீன் என்றால் இல்லை. சொல்லச் சொல்வதற்கு முன் சில நாட்கள் கேட்க மட்டும் விடுங்கள்.

இரண்டாவது, சேராததைப் பிரித்தல். கடை, வடை, மரம், நடை: இவற்றில் எது வேற்றாள்? பத்து, முத்து, சொத்து, பழம்: இவற்றில் எது? பிள்ளைகள் இதைப் பெரிதும் விரும்புவர்.

மூன்றாவது, தானே சொல்லுதல். இதற்கு நம் கடைச் சரக்கே போதும். பருப்பு என்றால் கருப்பு, நெருப்பு. மல்லி என்றால் பல்லி, நெல்லி. உப்பு என்றால் தப்பு. வெள்ளி என்றால் பள்ளி, புள்ளி. பொருளில்லாத சொல் வந்தாலும் சிரித்து ஏற்றுக்கொண்டு, "அப்படி ஒரு சாமான் எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேளுங்கள். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மல்லியும் பல்லியும் ஒரு கூட்டம். வெள்ளியும் பள்ளியும் வேறு கூட்டம். லகர ளகர பேதத்தைப் பிள்ளை நம் வாயைப் பார்த்தே கற்கும். எனவே முதலில் நாம் திருத்தமாக உச்சரிக்க வேண்டும்.

நான்காவது, எழுத்து. செவி பழகிய பிறகு, பால் என்று பெரிதாக எழுதுங்கள். பா என்ற எழுத்தை மட்டும் அழித்துக் கா எழுதினால் கால். வா எழுதினால் வால். செவி அறிந்ததைக் கண் காணும்போது பிள்ளை முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

நாளொன்றுக்குப் பத்து நிமிடத்திற்கு மேல் வேண்டாம். குளிப்பாட்டும்போதும், பள்ளிக்கு அழைத்துச் செல்லும்போதும் செய்யலாம். இரவு வெகுநேரம் கடையில் இருக்க நேரும் தகப்பனார், கல்லாவில் இருந்தபடியே தொலைபேசியில் ஐந்து சொற்கள் கேட்டுவிட்டுப் பிள்ளையை உறங்கச் சொல்லலாம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் வருவதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். பலமுறை கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையானால் மட்டும் மருத்துவரிடம் காட்டிக் காதைச் சோதித்துக்கொள்வது நலம்.

"வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடாதா?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். கெடாது. கடை, வடை என்று பிரித்தறிந்த அதே செவிதான் கேட், பேட், மேட் என்பதையும் பிரித்தறியும். நமக்கே சரளமாக வராத மொழியில் தட்டுத் தடுமாறிப் பேசுவதைவிட, நன்கு வரும் மொழியில் விளையாடுவதே பிள்ளைக்கு இலாபம்.

கடையநல்லூரிலிருந்து வந்து சிங்கப்பூரில் உழைத்த நம்மவர், 1946-ல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளி கண்டனர். தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்டிருந்த அப்பள்ளி 1982-ல் மூடப்பட்டது. இன்று அந்நகரில் பள்ளிகளில் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே இருக்கிறது. பள்ளி சுமந்த பாரத்தில் பெரும்பங்கு வீட்டுக்கு வந்துவிட்டது. அதைச் சுமக்கப் பெரிய கட்டடமோ நன்கொடைப் பட்டியலோ தேவையில்லை. தாயும் தகப்பனும் பாட்டியும் வாய்திறந்து பேசினால் போதும்.

ஆகவே, இன்றிரவு பிள்ளை மெருப்பு என்று சொன்னால் அதட்டாதீர்கள். "சரி, அடுத்தது என்ன?" என்று கேளுங்கள்.