வீடு வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டிய சட்ட விஷயங்கள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்பது பழமொழி. கட்டிய வீட்டை விலைக்கு வாங்குவதில் அவ்வளவு சிரமமில்லையென்று கிராமவாசிகள் பலர் எண்ணுகிறார்கள். சுவரையும் கூரையையும் கிணற்றையும் பார்த்து, விலை பேசி, வெற்றிலை பாக்கு மாற்றிப் பணத்தைக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்ததென்பது அவர்கள் நம்பிக்கை. சுவரிலுள்ள வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். பாத்தியதையிலுள்ள குறை தஸ்தாவேஜுகளைப் பார்த்து, கேட்க வேண்டியவர்களைக் கேட்டாலன்றித் தெரியாது. பல வருஷ உழைப்பில் மீத்த பணமும், சில சமயங்களில் சங்கத்தில் வாங்கிய கடனும் இதில் அடங்கியிருப்பதால், இது பற்றிய முக்கிய விதிகளை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாதாரணமாக நேரக்கூடிய ஒரு விவகாரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு விவசாயி தம் ஊரிலுள்ள ஓர் ஓட்டு வீட்டை ஐந்து லட்ச ரூபாய்க்கு விலை பேசுகிறார். அது விற்பவருடைய தகப்பனாரின் சுயார்ஜித சொத்து. தகப்பனார் சில வருஷங்களுக்கு முன் உயில் எழுதாமல் காலமானார். தாயார் இருக்கிறார். இரண்டு சகோதரிகள் மணமாகி வெளியூரில் வாழ்கிறார்கள். தகப்பனாருக்கு முன்பே இறந்துபோன தம்பிக்கு மனைவியும் பத்து வயதுப் பையனும் உண்டு. வீட்டில் குடியிருந்து வரி செலுத்தி வருபவர் மூத்த மகனாகிய விற்பவர். பட்டாவும் அவர் பெயருக்கு மாறியிருக்கிறது.

1. மூத்தவர் ஒருவருடைய கையெழுத்துப் போதுமா?

போதாது. 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தாயாருக்கு ஒன்று, மூத்தவருக்கு ஒன்று, சகோதரிகளுக்குத் தலைக்கு ஒன்று, இறந்த தம்பியின் மனைவிக்கும் பையனுக்கும் சேர்த்து ஒன்று, ஆக ஐந்து பாகங்கள் ஏற்படுகின்றன. விற்பவருக்குச் சொந்தமானது ஐந்தில் ஒரு பாகம் மாத்திரமே. அவர் கையெழுத்தை மட்டும் நம்பி ஐந்து லட்சத்தையும் கொடுப்பவர் ஒரு பாகத்தைத்தான் வாங்கியவராவார்.

அந்த ஒரு பாகத்தைக் கொண்டு வீட்டில் குடிபோகவும் முடியாது. பிரிவினையாகாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பாகத்தை வாங்கிய அந்நியர், மற்றப் பாகஸ்தர்களோடு கூட்டாகச் சுவாதீனம் கோர 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு இடங்கொடுக்கவில்லை. அவர் பாகப்பிரிவினை வியாஜ்யம் தொடர வேண்டும். தொடர்ந்தாலும், கோர்ட்டார் மதிக்கும் விலைக்கு அப்பாகத்தைத் தாமே வாங்கிக்கொள்வதாகக் குடும்பத்துப் பாகஸ்தர் ஒருவர் முன்வந்தால், 1893-ம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி அவருக்கே விற்கும்படி உத்தரவாகலாம்.

பெண்களுக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, இனி அவர்களுக்குப் பாகமில்லை என்பது தவறான எண்ணம். சகோதரிகள் வாய் வார்த்தையாக வேண்டாமென்று சொல்வதும் செல்லாது. அவர்கள் கிரயபத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மற்ற மதத்தினருக்குப் பாகக் கணக்கு வேறாக இருக்கலாம். ஆயினும், வாரிசுகள் அனைவரும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டுமென்பது எல்லோருக்கும் பொது. ஆகையால் தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றை முதலில் கேட்டுப் பார்ப்பது நலம்.

2. மைனர் பையனுக்காகத் தாய் கையெழுத்திடலாமா?

கோர்ட்டின் முன் அனுமதி பெற்ற பிறகே இடலாம். ஹிந்து மைனருக்குச் சேர்ந்த ஸ்தாவர சொத்தை இயற்கைக் கார்டியன் அனுமதியின்றி விற்றால், மைனர் பதினெட்டு வயது நிறைந்தபின் மூன்று வருஷத்துக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். பத்து வயதுப் பையன் விஷயத்தில், வாங்கியவருடைய அச்சம் பதினோரு வருஷம் நீடிக்கும்.

3. பட்டாவும் வரி ரசீதும் சொந்தத்துக்கு அத்தாட்சியாகுமா?

பட்டா ரெவினியூ இலாகாவின் கணக்குக்காக ஏற்பட்டது. அது மட்டும் பாத்தியதையை நிரூபிக்காதென்று கோர்ட்டுகள் பல முறை தீர்மானித்திருக்கின்றன. வரி ரசீதும் அத்தகையதே. தகப்பனார் வாங்கிய மூலபத்திரத்தை அசலாகவே பார்க்க வேண்டும். அசல் இல்லையென்று நகலைக் காட்டினால், அசல் எவரிடம் ஈடாக இருக்கிறதென்று விசாரிக்க வேண்டும்.

4. வில்லங்கச் சான்றில் எல்லாம் தெரியுமா?

தெரியாது. பதிவான தஸ்தாவேஜுகளே அதில் காணும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, வாரிசுகளின் உரிமை, எழுத்தில்லாத குடிக்கூலி ஏற்பாடு ஆகியவை அதில் வாரா. முப்பது வருஷத்துக்குச் சான்று எடுப்பதோடு வீட்டில் யார் குடியிருக்கிறார்களென்று நேரில் போய்க் கேட்பதும் அவசியம். சுவாதீனத்தில் இருப்பவருக்குள்ள உரிமையை வாங்குபவர் அறிந்தவராகவே சட்டம் கருதுகிறது. எனக்குத் தெரியாதென்று பிறகு சொல்வதால் பயனில்லை.

5. கரார் எழுதி அட்வான்ஸ் கொடுத்தால் வீடு கைமாறிவிட்டதா?

இல்லை. விற்பனைக் கராரினால் வீட்டில் எவ்வித உரிமையும் உண்டாவதில்லை. கிரயம் எழுதித் தரும்படி வியாஜ்யம் தொடரும் உரிமையே கிடைக்கும். அதற்கும், கராரில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருஷமே கெடு. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் இத்தகைய கரார்களையும் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸை பாங்கி மூலம் கொடுத்தால் அதுவே சாட்சியாக நிற்கும், ரூ. 20,000-மும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஸ்தாவர சொத்து, பதிவு செய்த கிரயபத்திரத்தினால்தான் கைமாறும். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பவர் பத்திரத்தை எழுதி வாங்கிக்கொண்டு வீடு தம்முடையதென்றிருப்பதும் தவறு. அதனால் சொந்தம் மாறாதென்று 2011-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது.

6. விற்பவர் கவனிக்க வேண்டியது யாது?

பாத்தியதையில் தமக்குத் தெரிந்த குறையை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்வது விற்பவருடைய கடமை. விற்கும் தேதி வரையிலுள்ள வரி பாக்கியும் அவரைச் சேர்ந்ததே. சங்கத்துக்கு வீட்டை அடமானம் வைத்திருந்தால், கடனைத் தீர்த்து, தீர்ந்த விவரத்தையும் பதிவு செய்துவிட வேண்டும்.

மற்றொரு விஷயம் மிக முக்கியமானது. முழுத் தொகையும் கைக்கு வருமுன் "பணம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய பத்திரத்தில் கையெழுத்திடலாகாது. விலையில் பாக்கியிருந்தாலும் கிரயம் பதிவானால் சாதாரணமாக வீடு வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடும். பிறகு பாக்கித் தொகைக்காக வியாஜ்யம் தொடரலாமேயன்றி, பணம் வரவில்லையென்று வீட்டைத் திருப்பிக் கேட்பது அரிது.

முன்சொன்ன விவசாயி செய்ய வேண்டியது இப்போது விளங்கும். தாயாரையும் சகோதரிகளையும் தம்பியின் மனைவியையும் கண்டு பேசி, அவர்கள் சம்மதித்தபின் பையனுடைய பாகத்துக்குக் கோர்ட் அனுமதி கிடைக்கும் வரையில் அவர் காத்திருக்க வேண்டும். இதற்குள் வேறொருவர் வீட்டை வாங்கிவிடுவாரென்று தரகர் அவசரப்படுத்தக்கூடும். அப்படி அவசரப்பட்டு வாங்குகிறவர் வாங்குவது ஐந்தில் ஒரு பாகமும் ஒரு வியாஜ்யமுமே. சில மாதம் பொறுத்தவருக்கு முழு வீடும் கிடைக்கும். அவருடைய மக்களும் அதில் நிம்மதியாகக் குடியிருப்பார்கள்.