கிரைண்டர் எங்கே நிற்கும்?

புது ஃபிளாட்டின் சாவி கைக்கு வந்த வாரத்திலேயே பலர் கைபேசியில் நாற்பது ஐம்பது படங்களைச் சேர்த்துவிடுகிறார்கள். வெள்ளைச் சோபா, மூங்கில் விளக்கு, பித்தளை உருளி, பின்னால் கரும்பச்சைச் சுவர். அதை இன்டீரியர் செய்பவரிடம் நீட்டி, "இந்த மாதிரி வேணும்" என்கிறார்கள். அவரும் தலையாட்டிவிட்டுப் போய், அதே படங்களை அந்த வீட்டு அளவுக்குச் சுருக்கி வரைந்து கொண்டுவருகிறார். இரு தரப்புக்கும் திருப்தி. அந்த வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுவார்கள் என்ற பேச்சு மட்டும் கடைசிவரை எழுவதில்லை.

இந்தத் தொழிலைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம். எல்லாவற்றுக்கும் சமமாக இடம் ஒதுக்கப் போவதில்லை. முதல் நம்பிக்கைதான் மற்றவற்றைப் பெற்றுப் போட்டது.

நம்பிக்கை: கான்செப்ட் என்றால் ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுப்பது

ஸ்காண்டினேவியன், இண்டஸ்ட்ரியல், செட்டிநாடு என்று மெனு அட்டை போல நீட்டப்படும் பெயர்கள், ஒரு வீடு முடிந்தபின் எப்படித் தெரியும் என்பதைத்தான் சொல்கின்றன. அது எப்படி நடக்கும் என்பதைச் சொல்வதில்லை. செட்டிநாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவிலிருந்து பின்தெரு வரை அந்த வீடுகள் நீண்டதற்குக் காரணங்கள் இருந்தன. கூட்டுக் குடும்பம், கல்யாணம் காட்சிக்குக் கூடும் ஊர், பாத்திரம் பண்டம் பத்திரப்படுத்தும் வழக்கம், வெயில், மழைநீர். அதில் எதுவும் இல்லாத மேடவாக்கம் ஃபிளாட்டில் ஆத்தங்குடிக் கல்லை மட்டும் பதித்துவிட்டால் அது செட்டிநாடு ஆகிவிடாது. ஆத்தங்குடிக் கல் அழகுதான், நான் மறுக்கவில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் கல் அது. துடைக்கத் துடைக்க மெருகேறும். தினமும் துடைக்க ஆள் இருக்கிறாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதானே?

கான்செப்ட் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1924இல் கட்டப்பட்ட ஷ்ரோடர் வீட்டைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சிவப்பு, நீலம், மஞ்சள் கோடுகளும் வெள்ளைப் பலகைகளுமாக இருக்கும் அதன் படத்தைப் பார்த்தவர்கள் ‘அது ஒரு ஸ்டைல்’ என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வீட்டின் மையம் நிறத்தில் இல்லை. கணவரை இழந்த ட்ரூஸ் ஷ்ரோடர், மூன்று குழந்தைகளோடு, அவர்களைத் தனித்தனி அறைகளுக்கு அனுப்பாமல் ஒன்றாக வாழ விரும்பினார். மரச்சாமான் செய்வதில் பெயர்பெற்ற கெரிட் ரீட்வெல்ட் அதைக் கேட்டு, மாடியில் நகரும் தடுப்புகளைப் போட்டார். பகலில் தடுப்புகளை ஒதுக்கினால் மாடி முழுவதும் ஒரே கூடம். இரவில் இழுத்துவிட்டால் தனித்தனி அறைகள். நகராட்சி விதிக்கு இந்தத் திறந்த மாடி பொருந்தவில்லை. அதனால் வரைபடத்தில் அதைப் ‘பரண்’ என்று குறித்து அனுமதி வாங்கினார்கள்! 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வீடு, காகிதத்தில் ஒரு பரண். ட்ரூஸ் அம்மையார் 1985இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஒரு வடிவமைப்புக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

இதையே நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. பையன் ஒன்பதாம் வகுப்பு. முழங்கால் வலியோடு கணவரின் அம்மா வருடத்தில் பாதி இங்கே, பாதி கும்பகோணத்தில். இவர்கள் கேட்டது ‘ஹோட்டல் மாதிரி பெட்ரூம்’. பேசிப் பார்த்தால் பிரச்சினை வேறு. பகலில் ஒருவர் ஃபோனில் பேச, ஒருவர் டிவி பார்க்க, ஒருவர் படிக்க வேண்டியிருக்கிறது. மாலையானால் எல்லோரும் ஹாலுக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே கான்செப்ட் இப்படி அமையும்: ‘பகலில் மூன்று பேருக்கு மூன்று மூலை, மாலையில் எல்லோருக்கும் ஒரே இடம், பாட்டி எங்கும் குனியவோ ஏறவோ வேண்டியதில்லை.’

இந்த வாக்கியத்தில் ஒரு நிறமோ மரமோ இல்லை. ஆனால் வேலை செய்கிறது. தாழ்வான சோபாவை அது தள்ளிவிடுகிறது. படுக்கையறையில் டிரெஸ்ஸிங் டேபிளுக்குப் பதில் எழுதுமேசையைக் கேட்கிறது. ஹாலுக்கும் படிக்கும் மூலைக்கும் நடுவே சத்தத்தைத் தடுக்க ஏதாவது வேண்டும் என்கிறது. ‘நவீனமும் மரபும் கலந்த எளிமை’ என்று எழுதித் தருகிறார்களே, அந்த வாக்கியம் எதையாவது மறுக்கிறதா என்று பாருங்கள். எதை வாங்கி வைத்தாலும் அதற்குள் அடங்கிவிடும். எதையும் மறுக்காத கான்செப்டை வைத்துக்கொண்டு ஒரு ஸ்விட்சுக்குக்கூட இடம் முடிவுசெய்ய முடியாது.

நம்பிக்கை: என்ன வேண்டும் என்று வீட்டுக்காரரைக் கேட்டால் போதும்

கேட்டால் ‘நிறைய ஸ்டோரேஜ்’ என்பார்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எதை வைக்க என்று அடுத்த கேள்வி போட்டால்தான் விஷயம் வெளியே வரும். அரிசி இருபத்தைந்து கிலோ மூட்டையாக வருகிறதா, ஐந்து கிலோ பையா? மழைக்காலத்தில் துணி எங்கே காய்கிறது? ஊரிலிருந்து நாலு பேர் வந்தால் யார் கட்டிலில், யார் பாயில்? கொலு வைப்பீர்களா, எத்தனை படி, ஒன்பது நாளும் அந்தச் சோபா எங்கே போகும்? அந்தப் படிகளும் பொம்மைகளும் மற்ற நாட்களில் எந்தப் பரணில்?

அப்புறம் கிரைண்டர். மாடுலர் கிச்சன் படங்களில் காபி மெஷின் இருக்கும், கிரைண்டர் இருக்காது. இட்லி தோசை மாவு வீட்டிலேயே அரைக்கும் குடும்பத்துக்கு அது அலமாரிக்குள் ஒளித்துவைக்கும் பொருளல்ல. கல்லும் டிரம்முமாகக் கனக்கும் அதை வாரம் இரண்டு முறை தூக்கி வெளியே வைத்துத் திரும்ப உள்ளே தள்ள யாருக்கும் இடுப்பு இடம் தராது. டில்டிங் வகையென்றால் சாய்க்க முன்பக்கம் இடம் வேண்டும். கல்லைக் கழுவ சிங்க் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்ற வேலைக்குச் சரியாக இருக்கும் மேடை உயரம், அதன்மேல் கிரைண்டரை வைத்தால் மாவு வழிக்கும் கைக்கு எட்டாமல் போகும். ஆகவே அதற்கென்று ஒரு தாழ்ந்த மேடை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, நம் டிசைனர்களின் வரைபடத்தில்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

மேடை உயரமும் இதே கதைதான். நிற்கும்போது முழங்கை இருக்கும் உயரத்திலிருந்து நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் நறுக்குவதற்குத் தோள் வலிக்காது. ஐந்தடி உயரமுள்ளவருக்கு அது சுமார் முப்பத்திரண்டு அங்குலம். தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஒரே அளவில் செய்துவரும் கேபினெட்டோ பெரும்பாலும் அதைவிட உயரம். அதன் மேல் அடுப்பு, அடுப்பின் மேல் குக்கர். உயரம் குறைந்தவர் உள்ளே எட்டிப் பார்க்கக் கால்விரலில் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் யார் சொல்வார்கள்? பேச்சுவார்த்தைக்கு வருபவர் பெரும்பாலும் பணம் கட்டுபவர். சமைப்பவர், பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, அரிவாள்மனையோடு தரையில் உட்கார்ந்து காய் நறுக்கும் பாட்டி, இவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. அதனால்தான் புது வீட்டை அளப்பதற்கு முன் இப்போது இருக்கும் வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்கிறேன். அதுவும் சொல்லாமல் போனால் நல்லது. சாப்பாட்டு மேசை மேல் என்ன குவிந்திருக்கிறது, எந்த நாற்காலியில் துணி மலையாகிறது, எந்தக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது என்பதெல்லாம் கேள்வித்தாளில் எழுதாத பதில்கள்.

வீட்டுக்காரர் பேச்சைக் கேட்காமலே மேதைமை காட்டியதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மீஸ் வான் டெர் ரோ கட்டிய ஃபார்ன்ஸ்வர்த் வீடு 1951இல் முடிந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி. கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் வியக்கும் வீடு. அதைக் கட்டச் சொன்ன டாக்டர் ஈடித் ஃபார்ன்ஸ்வர்த்துக்கோ துணி வைக்க அலமாரி இல்லாததிலிருந்து மனத்தாங்கல். பணத் தகராறு நீதிமன்றம் வரை போனது.

நம்பிக்கை: சதுர அடி தெரிந்தால் இடம் தெரிந்த மாதிரி

விளம்பரத்தில் வரும் சூப்பர் பில்ட்-அப் அளவில் லிஃப்டும் மாடிப்படியும் நடைபாதையும் உங்கள் பங்குக்குச் சேர்ந்திருக்கும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்கு வரையறை தந்தது நல்ல காரியம். ஆனால் அந்த அளவிலும் வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேர்த்தி. சுவரின் மேல் யாரும் கட்டில் போடுவதில்லை.

பத்துக்குப் பதினோரு அடி அறையைப் பாருங்கள். பதினோரு அடிச் சுவரில் வாட்ரோப். ஆழம் இரண்டடி. மிச்சம் எட்டடி. குயின் கட்டில் ஐந்துக்கு ஆறரை. வாட்ரோபைப் பார்த்துக் காலை நீட்டிப் போட்டால் நடுவே ஒன்றரை அடிதான் மிஞ்சும். கதவைத் திறந்தால் நிற்க இடமில்லை. கட்டிலைத் திருப்பி எதிர்ச்சுவரோடு ஒட்டினால் மூன்றடி வழி கிடைக்கும், ஆனால் சுவரோரம் படுப்பவர் இரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இளவயதுத் தம்பதிக்குச் சிரிப்பு, பாட்டிக்கு விபத்து. ஸ்லைடிங் கதவா, நாலடிக் கட்டிலா, வாட்ரோபை வேறு சுவருக்கு மாற்றுவதா என்பதை அங்கே படுக்கப் போகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். சதுர அடிக் கணக்கு இதில் ஒன்றும் சொல்லாது.

அளக்கும்போது அறையின் நீள அகலத்தோடு நின்றுவிடாமல் பீம் எவ்வளவு இறங்குகிறது, ஜன்னலின் அடிமட்டம் என்ன உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பிளக் பாயின்ட் எங்கே என்பதையும் குறிக்க வேண்டும். ஒரே சுவரை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்தால் மூன்று எண் வரும். ஆசாரிமார்களுக்கு இது தெரியும், படம் வரைபவர்கள் மறந்துவிடுகிறார்கள். அலுமினிய ஃபார்ம்வொர்க்கில் வார்த்த புதிய அடுக்ககங்களில் சுவர்களே கட்டடத்தைத் தாங்குகின்றன. ‘இந்தச் சுவரை எடுத்துடலாம்’ என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும் என்பதால் பாத்ரூமும் நினைத்த இடத்துக்கு நகராது. மேற்குச் சுவர் சாயங்காலம் முழுக்கச் சூட்டை உள்ளே அனுப்பும். படிக்கும் மேசையை அங்கே போட்டால் பையன் ஹாலுக்கு ஓடிவருவதற்கு டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம்பிக்கை: ஓபன் கிச்சன் வீட்டைப் பெரிதாக்கும்

கண்ணுக்குப் பெரிதாக்கும், உண்மைதான். மிளகாய் தாளிக்கும் புகைக்கும் சேர்த்துப் பெரிதாக்கும். வெளியே குழாய் போகாத, கார்பன் ஃபில்டரால் காற்றைச் சுற்றிவிடும் சிம்னி வாசனையைக் கொஞ்சம் குறைக்கும்; சூட்டையும் ஈரத்தையும் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடும். குழாய் போட சுவரில் துளை வேண்டும், அதற்குக் குடியிருப்போர் சங்கம் அனுமதிக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுவது உத்தமம்.

1926இல் மார்கரேட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். நடக்கும் அடிகளை மிச்சப்படுத்துவதே அதன் நோக்கம். ஹாலில் விளையாடும் குழந்தை கண்ணில் படட்டும் என்று இடையே நகரும் கதவும் வைத்தார். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. பின்னாளில் அதன் மேல் வந்த விமர்சனம், ஒருவருக்கு மேல் அங்கே நிற்க முடியாது, சமைப்பவர் தனித்துப் போகிறார் என்பது. இரண்டு பேர் சேர்ந்து சமைக்கும் வீடா, தனியாகச் சமைத்துவிட்டு வெளியே வர விரும்புபவரா, தினம் பொரிக்கிறார்களா என்பதெல்லாம் தெரியாமல் திறப்பதா மூடுவதா என்று பேசுவதே வீண். பலருக்கு நடுவழிதான் சரி: கண்ணாடி ஸ்லைடிங் கதவு.

மற்றவை, சுருக்கமாக

வெள்ளைச் சுவரும் கண்ணாடியும் சிறிய அறையைப் பெரிதாக்குமாம். தரையில் சாமான் குறைந்தால்தான் அறை பெரிதாகும். மேற்கு வெயில் விழும் அறையில் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும்.

குழந்தைகள் அறைக்கு அடுக்குக் கட்டில் சிறந்ததாம். மேல்தட்டுக்கும் சீலிங் ஃபேனுக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிட்டுப் பேசுங்கள்.

வாஸ்து பார்த்தால் டிசைன் கெட்டுவிடும் என்று டிசைனர்கள் முணுமுணுக்கிறார்கள். வாஸ்துவும் அந்தக் குடும்பத்தின் தேவைகளில் ஒன்று, அவ்வளவே. எதில் விட்டுக்கொடுப்பார்கள், எதில் மாட்டார்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளலாம். அடுப்பு மேடை கட்டி முடித்த பிறகு மாமனார் வந்து ‘தென்கிழக்கு எங்கே?’ என்று கேட்கும்போதுதான் செலவு.

கான்செப்ட் முடியட்டும், பட்ஜெட் அப்புறம் என்பதும் தவறு. பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் அந்த ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் படும் சிங்க் அடிக்கு ஐஎஸ் 710 தரத்தில் பிளைவுட் வாங்குவதா, யாரும் நிமிர்ந்து பார்க்காத ஃபால்ஸ் சீலிங்குக்குக் கொடுப்பதா? என்னைக் கேட்டால் சீலிங்கை விட்டுவிடுவேன்.

நம்பிக்கை: 3டி படம் வந்துவிட்டால் டிசைன் முடிந்தது

அந்தப் படத்தை எடுத்த கேமரா எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பல நேரம் சுவருக்கு வெளியே, பக்கத்து வீட்டில்! நிஜத்தில் யாரும் நிற்க முடியாத இடத்திலிருந்து, அகன்ற கோணத்தில் பார்ப்பதால் பத்தடி அறை கல்யாண மண்டபமாகத் தெரிகிறது. அதில் ஒயர் இல்லை, செருப்பு இல்லை, காயும் துணி இல்லை. அளவு எழுதிய தரைப்படமும் ஒவ்வொரு சுவரின் நேர்ப்படமும் இல்லாமல் 3டிக்கு ஒப்புதல் தராதீர்கள்.

வேலை தொடங்குவதற்கு முன் காலி வீட்டில் சாக்பீஸால் கட்டிலையும் மேசையையும் வாட்ரோபையும் நிஜ அளவில் தரையில் வரைந்துவிடலாம். திறக்கும் கதவுகளையும் சேர்த்து. குடும்பத்தோடு போய், அந்தக் கோடுகளுக்கு நடுவே சமையலறையிலிருந்து ஹாலுக்கு ஒரு நடை, படுக்கையிலிருந்து பாத்ரூமுக்கு ஒரு நடை. பாட்டியையும் அழைத்துப் போங்கள், உட்கார ஒரு ஸ்டூலும் எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியன் அன்றே வந்தால் பிளக் பாயின்ட்டுகளையும் சுவரில் குறித்துக்கொண்டு போய்விடுவார்.