பழைய கார்: பவர் விண்டோ பாதியில் நிற்கிறதா?

மலை ஊரான பிரிஞ்சாங்கில் காய்கறி ஏற்றும் பழைய சீரிஸ் லேண்ட் ரோவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடியைக் கையால் தள்ளிக்கொள்ளலாம். பவர் விண்டோ உள்ள பழைய கார்களுக்கு, மழையும் மூடுபனியும் ஓயாத மலையில், இவை உதவும்:

* சுவிட்சை அழுத்தினால் மோட்டார் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லையா? பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம், கேபிள் அறுந்திருக்கலாம். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், சுவிட்ச், வயரைப் பாருங்கள்.

* கதவைப் பிரிக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கண்ணாடியை மேலே ஏற்றி, சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டுங்கள்.

* கண்ணாடியை ஏற்றி இறக்கும் கத்தரிக்கோல் வடிவ ரெகுலேட்டரில் வலுவான ஸ்பிரிங் இருக்கும். மோட்டாரைக் கழற்றுமுன் பற்கள் உள்ள தகட்டை போல்ட் போட்டு அசையாமல் பூட்டுங்கள். இல்லாவிட்டால் விரல் போய்விடும்.

* மோட்டார் நன்றாக இருந்தால் நைலான் பல்சக்கரத்தை மட்டும் மாற்றலாம். பழையதைக் கையோடு கொண்டுபோய், பற்களை எண்ணி, விட்டத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். பழைய உதிரிபாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடையில் முழு ரெகுலேட்டரே கிடைக்கலாம்.

* உடைந்த துகள்களைத் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவுங்கள்.

* கண்ணாடி ஓடும் ரப்பரில் அழுக்கு சேர்ந்தால் புதுச் சக்கரமும் சீக்கிரம் தேயும். துடைத்து சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கள். இன்ஜின் எண்ணெய் வேண்டாம்.

* கதவின் அடியிலுள்ள நீர்த் துளைகளைச் சுத்தம் செய்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டிய பிறகே கதவின் உள்பலகையை மூடுங்கள்.