எப்பவாவது வேலை செய்யும் சக்தியை வச்சு என்ன செய்ய?



புது கேரக்டர் ஒண்ணு உருவாக்க உட்கார்ந்திருக்கீங்க. முன்னாடி ரெண்டு சக்தி இருக்கு, ஒண்ணுதான் எடுக்கலாம். முதலாவது: எந்தப் பகடையை உருட்டினாலும் ஒரு புள்ளி கூடுதல். இரண்டாவது: மலைக்காட்டுக்குள்ள இருக்கும்போது மட்டும், வழி கண்டுபிடிக்க, தடம் பார்க்க, பதுங்கிப் போக பெரிய உதவி. எதை எடுப்பீங்க?

பெரும்பாலானவங்க முதலாவதைத்தான் எடுப்பாங்க. ஆனா மேசையில இருக்கிற அஞ்சு பேரும் அதையே எடுத்தா, அஞ்சு கேரக்டருக்கும் பேர் மட்டும்தான் வேற. துணிஞ்சு இரண்டாவதை எடுத்த ஆளோட நிலைமை இன்னும் மோசம். கதை ஆறு வாரமா கடைத்தெருவுலயே சுத்திச்சுன்னா, அவன் ஆறு வாரமும் போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். ஏழாவது வாரம் "ரெக்கார்ட் எழுதணும் மக்கா, நீங்க ஆடுங்க"ன்னு சொல்லிருவான். ஹாஸ்டல்ல ஒரு மேசை கலையிறது பெரும்பாலும் இப்படித்தான். சண்டை போட்டெல்லாம் கலையிறதில்ல.

அந்த ஆளை மேசையில வச்சுக்கிறது எப்படிங்கிறதுதான் இந்தக் கட்டுரை.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு நிமிஷம்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்னா, ஒருத்தர் உலகத்தை நடத்துவார், அவரை ஜி.எம்.னு சொல்லுவோம். மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டர். "நான் இதைச் செய்யறேன்"னு சொல்லுவீங்க. நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா பகடை முடிவு பண்ணும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-ல வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில முதல்ல விற்பனைக்கு வந்த ஆட்டம். அதுல முக்கியமான பகடைக்கு இருபது முகம். வீட்டுல தாயம் ஆடினவங்களுக்கு இது சீக்கிரம் புரியும். தாயம் விழாம காய் இறங்காதுல்லா? அதே மாதிரி, தனக்கான சூழ்நிலை வராம உள்ள இறங்க முடியாத சக்திகளைப் பத்தித்தான் பேசப் போறோம்.

முதல்ல கணக்கு

நாம இன்ஜினியரிங் பிள்ளைங்க. கணக்கு போட்டே பார்ப்போம்.

ஒரு அமர்வுல நீங்க 20 தடவை பகடை உருட்டுறீங்கன்னு வச்சுக்கோங்க. இருபது முகத்துல ஒரு புள்ளி கூடினா வெற்றி வாய்ப்பு 5% கூடும். 20 × 0.05 = 1. அதாவது "எப்பவும் +1" உங்களுக்கு ஒரு அமர்வுக்கு ஒரு கூடுதல் வெற்றி தருது.

அடுத்து, சூழ்நிலை சக்தி. அது பொதுவா "அட்வான்டேஜ்" வடிவத்துல வரும்: ரெண்டு பகடை உருட்டி, பெரியதை எடுத்துக்கலாம். 11 அல்லது அதுக்கு மேல வேணும்னா, சாதாரணமா 50% வாய்ப்பு. அட்வான்டேஜ் இருந்தா 75%. தடவைக்கு 0.25 கூடுது. +1-க்குச் சமமா வரணும்னா ஒரு அமர்வுக்கு 4 உருட்டல் அந்தச் சூழ்நிலையில நடக்கணும். நாலு அமர்வுக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு வருதுன்னா, +1 எடுத்தவனுக்கு 4 வெற்றி கிடைக்கிற காலத்துல உங்களுக்குக் கிடைக்கிறது கால் வெற்றி. பதினாறு மடங்கு வித்தியாசம்.

இதுலயே ஜி.எம்.க்கு ஒரு பாடம் ஒளிஞ்சிருக்கு. வெற்றி வாய்ப்பு p-ன்னா, அட்வான்டேஜ் தர்ற லாபம் p(1−p). இது p பாதியா இருக்கும்போதுதான் உச்சம். 2 வந்தாலே போதும்ங்கிற சுலபமான வேலையில 95% என்பது 99.75% ஆகுது, யாருக்கும் தெரியாது. 20-தான் விழணும்ங்கிற வேலையில 5% என்பது 9.75% ஆகுது, அப்பவும் தோற்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால ஒருத்தரோட விசேஷ சக்தி வேலை செய்யற இடம் வந்தா, அந்த வேலையை நடுத்தரக் கடினத்துல வைங்க.

ஆனா இந்தக் கணக்குல ஒரு குறை இருக்கு. எல்லா உருட்டலுக்கும் ஒரே மதிப்பு போட்டிருக்கோம். எத்தனை தடவை, எவ்வளவு உதவி என்பதோட மூணாவதா ஒண்ணையும் பெருக்கணும்: அந்தத் தருணம் எவ்வளவு முக்கியம்?

2023 டிசம்பர் 17, 18-ஐ நம்ம பக்கத்துல யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல சுமார் 95 செ.மீ. மழை. திருச்செந்தூர்ல கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு, நூத்துக்கணக்கான பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. தண்ணி சூழ்ந்த ஊர்களுக்குள்ள மீனவர்கள் படகோட வந்து ஆளுகளை மீட்டாங்க. படகு ஓட்டுறது கடற்கரையில அன்றாட வேலை. ஊருக்குள்ள, தெருவுக்குள்ள, அதுக்கு வருஷம் முழுக்க ஒரு மதிப்பும் கிடையாது. அந்த ரெண்டு நாள்ல அதைவிடப் பெரிய திறமை எதுவும் இல்ல. அபூர்வமா வேலை செய்யற சக்திக்கும் பெரிய மதிப்பு இருக்க முடியும். ஆனா அது வேலை செய்யற அன்னிக்கு, பணயம் பெரிசா இருக்கணும்.

ரேஞ்சருக்கு என்ன ஆச்சு?

சூழ்நிலை சக்தின்னாலே எல்லாரும் இழுக்கிற உதாரணம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 ரூல்புக்ல வந்த ரேஞ்சர். காட்டு மனுஷன். அவன் ஒரு வகை நிலத்தைத் தேர்ந்தெடுப்பான்: காடு, மலை, கடற்கரை, சதுப்புன்னு. அந்த நிலத்துல அவன் கூட்டத்தோட பயணம் பண்ணினா, மாயம் ஏதும் இல்லாதவரைக்கும் கூட்டம் வழி தவறாது. கரடுமுரடான தரை வேகத்தைக் குறைக்காது. உணவு தேடினா ரெண்டு மடங்கு கிடைக்கும்.

படிக்க அருமையா இருக்கு. மேசையில என்ன நடக்கும்?

"காட்டுக்குள்ள போறோம்."

"ரேஞ்சர் இருக்கான்லா? வழி தவறாது. சாப்பாடும் கிடைச்சிருச்சு. வந்து சேர்ந்துட்டீங்க."

அவ்வளவுதான். அவன் ஜொலிக்க வேண்டிய காட்சியை அவனோட சக்தியே அழிச்சிருச்சு. காட்டுக்கு வெளியே சக்தி கிடையாது. காட்டுக்கு உள்ளே காட்சி கிடையாது. வருஷக்கணக்கா குறை வந்துக்கிட்டே இருந்து, 2020-ல வந்த துணைப் புத்தகம் ஒண்ணு மாற்று சக்திகளைக் கொடுத்துச்சு. 2024 ரூல்புக்ல எந்த நிலம், எந்த எதிரிங்கிற தேர்வையே எடுத்துட்டாங்க. சூழ்நிலையையே தூக்கிட்டு, எங்கேயும் வேலை செய்யற சக்தியா மாத்திட்டாங்க.

அதுவும் ஒரு தீர்வுதான். ஆனா எல்லா மேசைக்கும் பொதுவா எழுதறவங்களுக்கு உங்க மேசையில யார் இருக்காங்கன்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனால நீங்க வேற வழியில போகலாம்.

ஞாபகம் வச்சுக்க வேண்டிய விதி இது: சக்தி ஒரு கேள்வியை அழிக்கக் கூடாது, மத்தவங்க கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேள்வியைத் திறக்கணும்.

அதே காட்டை முண்டந்துறைப் பக்கம் வச்சுக்கோங்க. "வழி தவறாது"ன்னு முடிக்காம, ரேஞ்சர்கிட்ட மட்டும் சொல்லுங்க: "ஆத்தோரமா ஒரு பாதை இருக்கு, சீக்கிரம் போயிரலாம். ஆனா நேத்து ராத்திரி யானைக்கூட்டம் அதுல போயிருக்கு. சின்னத் தடமும் இருக்கு, குட்டி கூட வருது. மேல ஒரு சரிவு இருக்கு. யானை ஏறாது, ஆனா காயம்பட்டவனைத் தூக்கிட்டு ஏறணும்." இப்ப பகடையே உருட்டல. ஆனா மேசை முழுக்க ரேஞ்சர் முகத்தைத்தான் பார்க்குது.

நிலத்தைத் திணையா மாத்துங்க

அடுத்த பிரச்சினை, சக்தியோட வாசல் ரொம்பக் குறுகல். "மலை"ன்னா மலையில மட்டும். இதுக்கு நம்மகிட்டயே நல்ல விடை இருக்கு. பத்தாம் வகுப்புல மதிப்பெண்ணுக்குப் படிச்ச திணைதான்.

தொல்காப்பியம் சொல்ற திணை வெறும் இடம் இல்ல. நிலமும் பொழுதும் சேர்ந்தது முதற்பொருள். அங்க வாழற மனுஷங்க, விலங்கு, உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள். குறிஞ்சின்னா மலை மட்டும் இல்ல. யாமமும் குறிஞ்சி, கூதிரும் முன்பனியும் குறிஞ்சி. நெய்தலுக்குக் கடலோட சேர்த்து எற்பாடு, அதாவது பொழுது சாயற நேரம். மருதத்துக்கு வைகறை. முல்லைக்கு மாலையும் கார்காலமும். பாலைக்கு நண்பகல்.

இதை அப்படியே விதியாக்குங்க: உங்க திணையோட நிலம், பொழுது, மக்கள் இந்த மூணுல எது ஒண்ணு வந்தாலும் சக்தி வேலை செய்யும். ரெண்டு சேர்ந்து வந்தா இன்னும் பலமா. மலைக்காரி இப்ப கடைத்தெருவுலயும் நள்ளிரவுல பதுங்கிப் போவா. தேன் விக்க வந்த மலைக்காரங்க அவகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுவாங்க. வாசல் ஒண்ணு மூணாச்சு. ஆனா அவ இன்னும் குறிஞ்சிக்காரிதான். "எப்பவும் +1" ஆகிடல.

ஆத்தோட போங்க

ஜி.எம்.க்கு அடுத்த வேலை: எல்லாரோட சூழ்நிலையும் மாறி மாறி வர்ற மாதிரி ஒரு வரைபடம். நம்ம ஊருக்கு அது ரெடிமேடா இருக்கு. தாமிரபரணி பொதிகையில பிறந்து, நெல்லை, தூத்துக்குடி ரெண்டு மாவட்டத்துக்குள்ளேயே ஓடி, புன்னக்காயல் பக்கம் கடல்ல சேருது. சுமார் 125 கி.மீ. தான். அதுக்குள்ள பாபநாசத்துக்கு மேல குறிஞ்சி; மலையடிவாரக் காடும் மேய்ச்சலும் முல்லை; அம்பை, சேரன்மகாதேவி தொட்டு ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் அணைக்கட்டும் கால்வாயும் வயலுமா மருதம்; கொற்கை தாண்டி நெய்தல்; திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் தேரி, பாலைக்கு.

பழைய பாண்டிய காலம் மாதிரி ஒரு கற்பனை உலகம். நாலு பேர்: பொதிகை மலைக்காரி, மடை திறந்து வயலுக்குத் தண்ணி விடற நீர்ப்பாய்ச்சி, கொற்கையில மூச்சடக்கி முத்துக் குளிக்கிறவன், நடுச்சாமத்துல சுடுகாட்டு வேட்டைக்குப் போற கோமரத்தாடி. கடைசி ஆள், செத்தவங்களை விரட்டற "கிளெரிக்" கேரக்டருக்கு நம்ம ஊர் அண்ணன். கதை ஆத்தோட கீழ இறங்கினா போதும். முதல்ல மலைக்காரி, அப்புறம் மடைகள், ஆதிச்சநல்லூர் மாதிரி தாழிக்காடு வந்தா கோமரத்தாடி, கடைசியில முத்துக்குளிக்கிறவன். யாரும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம்.

இதோட மூணு பழக்கம் வச்சுக்கோங்க.

1. வரைபடத்தை முதல்லயே காட்டுங்க. எங்க போறோம்னு சொல்லாம "எந்தத் திணை வேணும்?"னு கேட்கிறது, பிட்ச் எப்படி இருக்குன்னு சொல்லாம டீம் எடுக்கச் சொல்ற மாதிரி.
2. நோட்டுல ஆளுக்கு ஒரு வரி: என்ன சக்தி, கடைசியா எப்ப வேலை செஞ்சுது. ரெண்டு அமர்வு சும்மா கிடந்திருந்தா, மூணாவதுல அதுக்கு ஒரு இடம் வைங்க. ஆனா எல்லாருக்கும் எல்லா வாரமும் வைக்காதீங்க. வச்சா செட்டப்புனு தெரிஞ்சிரும், சுவை போயிரும்.
3. மாத்திக்க வழி விடுங்க. ஒரு ஊர்ல தங்கி அந்த மக்களோட வேலை செஞ்சா, அந்தத் திணையைக் கத்துக்கலாம்.

நீங்க வீரரா? அப்ப காத்திருக்காதீங்க

பாதிப் பொறுப்பு உங்களோடது. சூழ்நிலை வரும்னு உட்கார்ந்திருக்கிறதைவிட அதை உண்டாக்கலாம். நீர்ப்பாய்ச்சியோட சக்தி, முழங்கால் தண்ணியில மட்டும் அட்வான்டேஜ்னு வைப்போம். எதிரியோட குதிரைப்படை காய்ஞ்ச பாதையில வருது.

"ஏலே, இந்த ரோட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. ஒம் பவரை வச்சு என்னல செய்யப் போற?"

"ரோட்டுல எதுக்குல சண்ட? நீ வயலுக்கு இழுத்துட்டு வா. மடையை நான் தொறக்கேன்."

சேத்துல குதிரை திணறும். ஒருத்தனோட சக்திக்காக நாலு பேரும் திட்டம் போட்டாச்சு. மேசைக்கு இதைவிட வேற என்ன வேணும்?

வேற ஆட்டங்கள்ல இதுக்கு விதியே இருக்கு. பிளேட்ஸ் இன் தி டார்க்ல, கொஞ்சம் மன அழுத்தப் புள்ளியைக் கொடுத்து "இதுக்கு நான் முன்னாடியே ஏற்பாடு பண்ணிட்டேன்"னு ஒரு பிளாஷ்பேக் போடலாம். ஃபேட்ல உங்க குணமே உங்களை வம்புல மாட்டிவிட்டா, அதை ஏத்துக்கிறதுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். அப்புறம் அதைச் செலவழிச்சு ஜெயிக்கலாம். ரெண்டையும் உங்க மேசைக்குக் கடன் வாங்கிக்கலாம், யாரும் கேட்க மாட்டாங்க.

பயிற்சி

அடுத்த அமர்வுக்கு முன்னாடி இந்த மூணையும் எழுதிப் பாருங்க.

1. உங்க கேரக்டர்கிட்ட இருக்கிற ஒரு சூழ்நிலை சக்தியை எடுங்க. கடந்த நாலு அமர்வுல எத்தனை தடவை வேலை செஞ்சுது? +1-ஓட ஒப்பிட்டுக் கணக்கு போடுங்க.
2. அந்தச் சக்தி காட்சியை அழிக்குதா, திறக்குதா? அழிக்குதுன்னா, ஜி.எம். உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடிய ரெண்டு வாக்கியத்தை எழுதுங்க.
3. உங்க மேசையில ரொம்ப நாளா பேசாம இருக்கிற ஆள் யாரு? அவன் கேரக்டர் ஷீட்டை வாங்கிப் படிங்க. நீர்ப்பாய்ச்சிக்கு மத்த மூணு பேர் செஞ்ச மாதிரி, அவன் சக்திக்கு ஏத்த இடத்துக்கு எதிரியை நீங்க இழுத்துட்டு வர ஒரு திட்டம் போடுங்க.

மூணாவது கேள்விக்கு விடை எழுதினவங்க, அதை அவன்கிட்ட அமர்வுக்கு முன்னாடி சொல்லிராதீங்க. மேசையில சொல்லுங்க.