உடல் எடையும் ஒழுகும் தொட்டியும்

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்ற மட்டுமே முடியும். ஆற்றல் அழிவின்மை விதி என்று நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்துள்ள இந்த விதி, நீராவி எஞ்சினுக்கும் மின்கலத்திற்கும் பொருந்துவது போலவே நம் உடலுக்கும் பொருந்தும். உடற்பருமன் என்று மருத்துவர்கள் கூறும் சிக்கலை இவ்விதியின் துணைகொண்டு ஆராய்வோம்.

ஒரு காலத்தில் நம் நாட்டில் பெருத்த உடல் வளமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. "பூசினாற்போல் இருக்கிறாள்" என்பது ஒரு பாராட்டு. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையே ஆரோக்கியமான குழந்தை என்று எண்ணினார்கள். வயிறார உண்ணக் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. இன்று நிலைமை மாறிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் உலக மக்களுள் 8 பேருக்கு ஒருவர் உடற்பருமன் உடையவர். 1990ஆம் ஆண்டு முதல் அதுவரை, பெரியவர்களிடையே இது இரு மடங்குக்கு மேலாகவும், வளரிளம் பருவத்தினரிடையே நான்கு மடங்காகவும் பெருகியது. தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களுள் மிகை எடை உள்ளவர்கள் 2015-16இல் 100க்கு 31 பேர்; 2019-21இல் 40 பேர். ஆண்களில் இது 28லிருந்து 37ஆக உயர்ந்தது. அதே ஆய்வில், பெண்களுள் 100க்கு ஏறத்தாழ 13 பேர் தேவையான எடைகூட இல்லாதவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எடையைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் கூற்றுகள் இரண்டு. ஒன்று, "பருமனாக இருப்பவர் பெருந்தீனிக்காரர், சோம்பேறி" என்பது. மற்றொன்று, "இரண்டு வாரம் பட்டினி கிடந்தால் இளைத்துவிடலாம்" என்பது. இவ்விரண்டும் எந்த அளவுக்கு உண்மை?

உணவும் ஓர் எரிபொருளே

1780களில் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகளான லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்தனர். அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்று அளந்தனர். உயிரினம் மூச்சு விடுவதும் கரி எரிவதும் அடிப்படையில் ஒரே வகை நிகழ்ச்சி என்று இதிலிருந்து முடிவு செய்தனர். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவில் அட்வாட்டர் என்ற வேதியியலாரும் ரோசா என்ற இயற்பியலாரும் ஒரு மனிதர் பல நாட்கள் தங்கக்கூடிய அறையையே கலோரிமானியாக அமைத்தனர். அவர் உண்ட உணவின் ஆற்றலும், அவர் உடல் வெளியிட்ட ஆற்றலும் மிக நெருக்கமாக ஒத்திருந்தன. மனித உடலும் ஆற்றல் அழிவின்மை விதிக்குக் கட்டுப்பட்டதே என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

உணவின் ஆற்றலைக் கிலோகலோரியில் அளக்கிறோம். 1 கிலோகலோரி என்பது ஏறத்தாழ 4,184 ஜூல். மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரி தரும்; கொழுப்பு 9 கிலோகலோரி தரும். அதனால்தான் மிஞ்சிய ஆற்றலை உடல் பெரும்பாலும் கொழுப்பாகச் சேமிக்கிறது. குறைந்த நிறையில் நிறைய ஆற்றலை அடக்கி வைக்க இதுவே சிறந்த வழி.

ஒருவர் நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி செலவிடுவதாகக் கொள்வோம். இதை ஜூலாக மாற்றி, ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால் ஏறத்தாழ 97 வாட் கிடைக்கும். ஆக, நாம் ஒவ்வொருவரும் இரவும் பகலும் எரியும் ஒரு 100 வாட் குண்டு பல்பு போன்றவர்கள்! இந்த ஆற்றலில் பெரும்பகுதி ஓடியாடுவதற்குச் செலவாவதில்லை. இதயத் துடிப்பு, மூச்சு, மூளையின் வேலை, உடல் வெப்பத்தைக் காத்தல் போன்றவற்றிற்கே செலவாகிறது. ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை மூளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் 14 மாடிகளும்

50 கிலோகிராம் நிறையுள்ள மாணவர் ஒருவர் 3 மீட்டர் உயரமுள்ள ஒரு மாடி ஏறுகிறார். அவர் செய்யும் வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் = 50 × 9.8 × 3 = 1,470 ஜூல். தசைகள் உணவு ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றும், எஞ்சியது வெப்பமாகிவிடும். எனவே உண்மையில் செலவாவது 5,880 ஜூல். அதாவது 1.4 கிலோகலோரி.

ஒரு தேக்கரண்டி சர்க்கரை 5 கிராம். அதன் ஆற்றல் 20 கிலோகலோரி. இதைச் செலவழிக்க அவர் 14 மாடிகள் ஏற வேண்டும்! இனிப்பூட்டிய குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உள்ளது. 250 மில்லிலிட்டர் குடித்தால் 100 கிலோகலோரி. கணக்குப்படி 70 மாடிகளுக்கு மேல். குடிக்க இரண்டு நிமிடம் போதும்.

இதைக் கண்டு உடற்பயிற்சி வீண் என்று எண்ணிவிடாதீர்கள். இதயம், எலும்பு, தசை, மனம் ஆகிய எல்லாவற்றிற்கும் பயிற்சி நன்மை தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் உண்டதையெல்லாம் ஓடியே தீர்த்துவிடலாம் என்ற கணக்கு மட்டும் பெரும்பாலும் பொய்த்துவிடுகிறது.

ஒழுகும் தொட்டி

உடலின் ஒரு கிலோகிராம் கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. அப்படியானால் நாள்தோறும் 100 கிலோகலோரி கூடுதலாக உண்பவர் ஓராண்டில் 4.7 கிலோவும், பத்தாண்டுகளில் 47 கிலோவும் கூடிவிட வேண்டும். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. ஏன்? ஒரு சிறு சோதனை இதை விளக்கும்.

ஒரு பழைய தகர டப்பாவின் அடிப்பக்கத்தில், பக்கவாட்டில், ஆணியால் ஒரு சிறு துளை இடுங்கள். அதைக் குழாயின் கீழ் வைத்து, குழாயைச் சிறிதளவு திறங்கள். நீர்மட்டம் உயரும். மட்டம் உயர உயர, துளையில் அழுத்தம் கூடி நீர் வேகமாக வெளியேறும். உள்ளே வரும் நீரும் வெளியேறும் நீரும் சமமானதும் மட்டம் அப்படியே நின்றுவிடும். அங்கே ஓர் அடையாளம் இடுங்கள். இப்போது குழாயை இன்னும் சற்றே திறங்கள். மட்டம் உயர்ந்து, வேறோர் இடத்தில் நிற்கும்.

நம் உடல் எடையும் இந்த நீர்மட்டம் போன்றதே. உணவு என்பது குழாய். ஆற்றல் செலவு என்பது துளை. உடல் பெருக்கப் பெருக்க, அதைக் காப்பதற்கும் சுமந்து நடப்பதற்கும் கூடுதல் ஆற்றல் செலவாகும். எனவே எடை முடிவின்றி ஏறாமல் ஒரு புதிய சமநிலையை அடைகிறது. 2011இல் கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் இதற்கு ஒரு கணக்கு வெளியிட்டனர். மிகை எடையுள்ள பெரியவர் ஒருவரின் அன்றாட உணவு 100 கிலோகலோரி மாறினால், அவர் எடை முடிவில் ஏறத்தாழ 4 கிலோ மாறும். அதில் பாதி மாற்றம் முதல் ஆண்டிலும், ஏறத்தாழ முழு மாற்றமும் மூன்று ஆண்டுகளிலும் நிகழும்.

இப்போது டப்பாவிலிருந்து ஒரு தம்ளர் நீரை மொண்டு கொட்டுங்கள். மட்டம் சட்டென்று இறங்கும். ஆனால் குழாய் திறந்தபடியே இருப்பதால், சிறிது நேரத்தில் பழைய அடையாளத்திற்கே வந்துவிடும். இரண்டு வாரப் பட்டினி என்பது இவ்வாறு ஒரு தம்ளர் நீரை மொண்டு கொட்டுவதுதான். மட்டம் நிலையாக இறங்க வேண்டுமானால் குழாயைச் சிறிதளவாவது மூடி, அப்படியே வைத்திருக்க வேண்டும்.

டப்பாவுக்கு இல்லாத தந்திரம்

உடலுக்கும் டப்பாவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மட்டம் இறங்கினால் உடல் தானாகவே துளையைச் சுருக்கும். குழாயைத் திறக்கவும் முயலும்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். போரினால் பட்டினிக்கு உள்ளான மக்களுக்கு எவ்வாறு உணவளித்து மீட்பது என்று அறிவதே நோக்கம். தாமாக முன்வந்த 36 இளைஞர்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்கள் எடை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. ஓய்வில் அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றலோ ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்துவிட்டது. எப்போதும் குளிர்கிறது என்றனர். சோர்வும் எரிச்சலும் மிகுந்தன. நினைவெல்லாம் உணவாகவே இருந்தது. சோதனை முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்ததும் அடங்காப் பசியுடன் உண்டனர்.

இதன் காரணங்களுள் ஒன்று 1994இல் தெரிய வந்தது. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன என்பதை நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்கு அறிவிக்கும் செய்தி இது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். மூளை பசியைத் தூண்டும். இந்தக் கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒரேபோல் அமைவதில்லை. பரம்பரைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஒரே வீட்டில் ஒரே உணவை உண்ணும் இருவரில் ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிந்தும் இருப்பது இதனால்தான். எனவே, பருமனாக இருப்பதைச் சோம்பலுக்குச் சான்றாகக் கொள்வது விஞ்ஞானத்திற்கு ஒவ்வாது.

அளவுகோல் எது?

19ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய நாட்டு வானியலாரும் கணிதவியலாருமான கெத்லே என்பவர், வளர்ந்த மனிதர்களின் நிறை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் கண்டார். கிலோகிராமில் உள்ள நிறையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு, 1972இல் அதே ஆன்செல் கீஸ் உடல் நிறைக் குறியீட்டெண் என்று பெயரிட்டார். பெரியவர்களுக்கு இது 25க்கு மேல் மிகை எடை என்றும், 30க்கு மேல் உடற்பருமன் என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. இந்தியர்களுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிலேயே நீரிழிவு போன்ற நோய்கள் தோன்றுவதால், இங்குள்ள மருத்துவர்கள் 23, 25 என்ற எல்லைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த எல்லைகள் உங்களுக்குப் பொருந்தா! நீங்கள் வளரும் பருவத்தில் இருக்கிறீர்கள். வயதுக்கும் பாலினத்திற்கும் ஏற்ற தனி அட்டவணையைக் கொண்டு மருத்துவரே அதைக் கூற வேண்டும். உயரம் கூடும் காலத்தில் எடையும் கூடத்தான் வேண்டும். திரைப்படத்தில் கண்ட உருவத்தைப் போல் ஆக வேண்டும் என்று காலை உணவைத் தவிர்ப்பது, வளரும் எலும்பையும் தசையையும் வஞ்சிப்பதாகும்.

குழாயைத் திறந்தது எது?

மனிதரின் பரம்பரைக் கூறுகள் முப்பது நாற்பது ஆண்டுகளில் மாறிவிடுவதில்லை, மாறியது சூழ்நிலை. ஆட்டுக்கல்லும் அம்மியும் இருந்த இடத்தில் மின் அரைவை எந்திரம் வந்தது. மிதிவண்டியில் சென்றவர் மோட்டார் வண்டியில் செல்கிறார். விளையாடிய நேரம் திரையின் முன் கழிகிறது. எண்ணெயும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பொட்டலத் தின்பண்டங்கள் மூலைக் கடையில்கூடத் தொங்குகின்றன. துளை சற்றுச் சுருங்கியது. குழாய் சற்றுத் திறந்தது. அந்தச் சிறு மாறுதல் கோடிக்கணக்கானவர் உடலில் நாள்தோறும் தொடர்கிறது.

ஆகவே செய்ய வேண்டியதும் சிறியதே. ஆனால் தொடர்ந்து செய்ய வேண்டும். தாகத்திற்குத் தண்ணீரோ மோரோ போதும். பொட்டலத்திற்குப் பதில் சுண்டலோ, வேர்க்கடலையோ, ஒரு கொய்யாப் பழமோ உண்ணலாம். மாலையில் வியர்க்க விளையாடலாம். வகுப்பில் பருமனான தோழனையோ தோழியையோ பட்டப்பெயர் சொல்லி அழைப்பதை இன்றே நிறுத்துங்கள். கேலிக்கு அஞ்சி அவர் விளையாட்டுத் திடலுக்கு வராமல் போனால், அவருடைய துளையை மேலும் சுருக்கியவர்கள் நாமே. அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி

1. திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். 50 கிலோகிராம் நிறையுள்ளவர் அதன் உச்சிக்கு ஏறச் செலவாகும் உணவு ஆற்றல் எவ்வளவு? அது எத்தனை தேக்கரண்டி சர்க்கரைக்குச் சமம்? (விடை: ஏறத்தாழ 39 கிலோகலோரி, 2 தேக்கரண்டி.)

2. உங்கள் வீட்டிலுள்ள ஐந்து உணவுப் பொட்டலங்களின் மேல் அச்சிட்டுள்ள ஆற்றல் அளவைக் குறித்து, 100 கிராமுக்கு எது மிகுதி என்று வரிசைப்படுத்துங்கள். முதலிடத்தில் உள்ளதில் கொழுப்பு எவ்வளவு என்றும் பாருங்கள்.

3. டப்பாவின் துளையைச் சிறிதளவு மெழுகால் அடைத்தால், குழாயை மாற்றாமலே நீர்மட்டம் என்னவாகும்? நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பவரின் உடலுடன் இதை ஒப்பிட்டு எழுதுக.