ஏட்டுச் சுரைக்காயும் சுருளிப்பட்டித் திராட்சையும்

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகிற வழியில் இருக்கிறது சுருளிப்பட்டி. சுற்றிலும் திராட்சைப் பந்தல். பன்னீர் திராட்சைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க அறுப்பு உண்டு. அதனால் தோட்டத்தில் எப்போதும் இன்னொரு கை தேவைப்படும். அந்தக் கை பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையாக இருக்கலாமா என்ற கேள்வி வரும்போது, சில பேச்சுகள் தவறாமல் வந்து விழும். அவற்றில் எது மெய், எது பாதி மெய்?

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.”

உண்மை: திராட்சையில் அடிச்சாம்பல் நோய்க்கு போர்டோ கலவை அடிப்பார்கள். ஒரு சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பிறகு பளபளப்பான இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அப்படியே அடித்தால் இலை கருகும்.

கத்தி சிவந்தால் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்பது அனுபவசாலிக்குத் தெரியும். ஏன் சிவக்கிறது என்பது பத்தாம் வகுப்பு வேதியியலில் இருக்கிறது. கரைசலில் உள்ள செம்பை வெளியே தள்ளிவிட்டு இரும்பு அந்த இடத்தைப் பிடிக்கிறது. இடப்பெயர்ச்சி வினை என்று பாடத்தில் வருவது இதுதான். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை, யாரும் சொல்லாமலே துத்தம் கரைக்க இரும்பு வாளியைத் தொடமாட்டான், பிளாஸ்டிக் வாளியைத் தேடுவான். 10 லிட்டருக்கு எவ்வளவு துத்தம் என்று கேட்டால் 100 கிராம் என்று நின்ற இடத்திலேயே சொல்வான்.

“தொழிலைச் சின்ன வயசிலேயே பழகணும். அதுக்குப் பள்ளிக்கூடம் இடைஞ்சல்.”

உண்மை: முதல் பாதி சரி. கவாத்து வெட்டும்போது எந்தக் கிளையில் எத்தனை கணு விட வேண்டும், குலை பழுத்துவிட்டதா என்பதையெல்லாம் கூடவே நின்று பார்த்துத்தான் கற்க முடியும். இளங்கண்ணுக்கு அது சீக்கிரம் பிடிபடும். ஆனால் கவாத்திலிருந்து அறுப்புக்கு ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். சனி, ஞாயிறும் விடுமுறையும் தோட்டத்துக்கு வருகிற பிள்ளை ஒரு சுற்றின் எல்லாக் கட்டத்தையும் பார்த்துவிடலாம். அதற்காக வகுப்பை விட வேண்டியதில்லை.

சட்டமும் இதையொட்டியே நிற்கிறது. 6 முதல் 14 வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016இல் திருத்தப்பட்ட பின், 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத வேலையில் குடும்பத்துக்கு உதவ விலக்கு உண்டு. மருந்து அடிக்கிற வேலையில் பிள்ளைகளை விடவே கூடாது.

“நம்ம பண்ணைப்புரத்து இளையராஜா என்ன பெரிய படிப்பா படிச்சார்?”

உண்மை: தேனி மாவட்டத்தில் இதைவிட வலுவான வாதம் கிடையாது, இதைவிடத் தவறான வாதமும் கிடையாது. 1943இல் பிறந்தவர், பதின்வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார் என்பது வரை சரி. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும் அதை எழுதும் முறையையும் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்வுக்குப் படித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அவர் இசையமைத்த முதல் படமான ‘அன்னக்கிளி’ வந்த 1976இல் அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது அங்கிருந்த கலைஞர்கள் வாசித்தது அவர் எழுதிய இசைக்குறிப்பை. அண்ணனோடு திரிந்து காதால் கற்றதும் மாஸ்டரிடம் உட்கார்ந்து ஏட்டில் கற்றதும் சேர்ந்தவர் அவர். படிக்காமல் வந்தவர் என்பது பாதிக் கதை.

“படிக்க வைக்கக் காசுக்கு எங்கே போறது?”

உண்மை: கவலை நியாயமானது. ஆனால் இருக்கிற உதவியைப் பலர் கேட்பதே இல்லை. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிப்பவர்களுக்குத் தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித் தேர்வு உண்டு. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு ஆண்டில் 48,000. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு 2022இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். பொம்பளப் பிள்ளைக்குப் பத்தாவது போதும் என்று நிறுத்துகிற வீடு, அந்தப் பணத்தையும் சேர்த்தே நிறுத்துகிறது.

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது.”

உண்மை: வளையும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டவும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பகல் முழுக்க உழைத்துவிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, சிம்னி விளக்கில் அகரம் எழுதுவது லேசான காரியமில்லை. இளமையில் படிக்கிறவருக்கு அந்தச் சுமை கிடையாது. இளமைக் கல்வியின் முதல் லாபமே அதுதான். இடையில் நின்றவர்கள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். எட்டாவது முடித்தவர்கள் சில பிரிவுகளில் ஐ.டி.ஐ. சேரலாம். ஐம்பதில் கற்க முடியும் என்பது ஐம்பது வயதுக்காரருக்குச் சொல்ல வேண்டிய ஆறுதல். அதைச் சொல்லிப் பத்து வயதுப் பிள்ளையைப் பந்தலுக்குக் கூப்பிடக் கூடாது.